பத்தரைக்கு முன்னால் வாங்கிய பொக்லைன்

சோலைச்சாமி பதினேழு வருஷம் அடுத்தவன் பொக்லைனை ஓட்டினவர். பழைய மிஷின் வாங்குகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் புத்தி சொல்வார்: "ஒரு மணி நேரம் தோண்டிப் பாருங்க. ஆயில் சூடானாத்தான் பம்பு தேஞ்சிருக்கது தெரியும்."

தனக்கென்று ஒன்று வாங்கக் கிளம்பிய வெள்ளிக்கிழமை, மெக்கானிக் என்று என்னையும் மதுரைக்குக் கூட்டிப்போனார். மிஷினைக் காட்டும்போதே மணி பத்து. கால் மணி நேரம் தோண்டினார். மண்ணோடு பக்கெட் சிரமமில்லாமல் எழுந்தது.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்றேன்.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும் ஹக்கீம் பாய். அதுக்குள்ள அட்வான்ஸக் கொடுத்துருதேன்."

நான் என்ன, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? எனக்கும் ஜும்ஆ தொழுகைக்குக் கோவில்பட்டி திரும்பும் அவசரம்.

பதினோராம் நாள், பசுவந்தனைப் பக்கம் குழாய் பதிக்க வெட்டிய ஆழப் பள்ளத்தில் கரிசல் சரிந்து ஒரு ஆள் புதைந்துவிட்டார். முதலில் போய்ச் சேர்ந்தது சோலைச்சாமியின் மிஷின். நானும் ஏறிப் போனேன். அடுத்த மிஷின் விளாத்திகுளத்திலிருந்து வர வேண்டும்.

குழாய் ஓரமாக மூச்சுவிட இடம் இருந்திருக்கும். மண்ணுக்கடியில் குரல் கேட்டது. சோலைச்சாமி வெறிபிடித்தவர் மாதிரி அள்ளினார். முக்கால் மணி நேரத்தில் ஆயில் கொதித்து, பக்கெட் மண்ணோடு பாதியில் நின்றது. பிறகு தானாகவே இறங்கியது.

ஆயில் ஆறட்டும் என்று இன்ஜினை அணைக்கச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இரைச்சல் அடங்கியதும்தான் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணாச்சி, நிப்பாட்டிராதீங்க."