இடது கை கொஞ்சம் பெரிசு

ஐம்பதைத் தாண்டிய வருடம் என் துணிகள் எனக்கு எதிராகத் திரும்பின. முதலில் ஜீன்ஸ் பொத்தான். சாயங்காலம் கழற்றினால் தொப்புளுக்குக் கீழே ஒரு வட்டம் சிவந்து நிற்கும், யாரோ முத்திரை குத்திவிட்டுப் போன மாதிரி. பிறகு லெக்கிங்ஸ் எலாஸ்டிக். பிறகு குர்தாவின் கழுத்து. குளிர்கிற பெங்களூர்க் காலையில், பஸ்ஸில், காரணமே இல்லாமல் மார்பிலிருந்து ஒரு தீ மேலே ஏறும். நான் துப்பட்டாவை உருவிப் பைக்குள் திணிப்பேன். பக்கத்து சீட்டுப் பெண் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொள்வாள்.

கடைசியில் இடது தோள். ஒருநாள் காலை அது பூட்டிக்கொண்டது. "வயசுல வர்றதுதான். ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம். தானா விட்டுரும்" என்றார் டாக்டர். விடும்வரை கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. தலைவழியாகப் போடும் எதையும் போட முடியாது. அலமாரியைத் திறந்து நின்றேன். இருபத்தைந்து வருட ஆபீஸ் வாழ்க்கை ஹேங்கரில் தொங்கியது, அத்தனையும் தலைவழி.

மிச்சம் புடவைதான். முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட் என்றால் கையைத் தாழ்த்தியே போட்டுக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வீட்டில் புடவை அக்காவுடையது. ஈஜிபுராவில் இருந்த அக்கா, என்னைவிட நாலு வயது மூத்தவள், ஜுரத்தில்கூட புடவையில் கிடந்தவள். "நீ என்னடி, எப்பப் பாரு காலேஜுக்குக் கெளம்புற மாதிரியே இருக்க" என்பாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. அதுவரை அவளோடு இருந்த அம்மா இப்போது லிங்கராஜபுரத்தில் என் வீட்டில், ஜன்னலோர நாற்காலியில்.

எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல்காரம்மா கடை வைத்திருக்கிறாள். உதட்டிடுக்கில் எப்போதும் குண்டூசி இருக்கும், அதோடேயே பேசுவாள். ஆறு துண்டுத் துணியைக் கொடுத்து, டேப் வைத்து அளவு எடுத்துக்கொள் என்றேன்.

"டேப்பு வேணாங்க்கா. டேப்பப் பாத்ததும் எல்லா லேடீஸும் மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிறாங்க. அப்புறம் டைட்டா இருக்குன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. ஜாக்கெட்டு மூச்சப் புடிக்காதில்ல? அளவு ஜாக்கெட் குடுங்க."

"எங்கிட்ட இருக்கிறதெல்லாம் கல்யாணத்துக்குத் தெச்சதுப்பா."

"அத எம் பொண்ணுக்குக் குடுத்துடுங்க. உங்களுக்கு ஆகுற மாதிரி ஒண்ணு தேடிக் கொண்டாங்க. போட்டுப் பாத்துட்டுக் கொண்டாங்க, ஆமா."

தேடினேன். துவைத்து மடித்த துணிகளுக்கு நடுவே, அம்மாவின் உள்பாவாடைகளோடு சேர்ந்து, சாம்பல் நிறத்தில், டூ பை டூ காட்டனில் தைத்த ஒரு ஜாக்கெட் கிடைத்தது. அந்தத் துணி எனக்குத் தெரியும். அக்காவும் நானும் சிவாஜி நகரில் ஒரே துணிச்சுருளிலிருந்து ஆளுக்கொரு ஜாக்கெட்டுக்கு வெட்டி வாங்கியது. என்னுடையதுதான், எப்போதோ பெரிதாகத் தைத்துத் தொலைத்திருக்கிறேன் என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். கச்சிதம். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு துணி என்னை எங்கேயும் பிடிக்கவில்லை. இடது கை நழுவி உள்ளே போனது, வலிக்கே தெரியாமல். கண்ணாடி பார்க்கத் தோன்றவில்லை. அப்படியே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஆறும் தயார். தையல்காரம்மா அளவு ஜாக்கெட்டை மேலே வைத்துக் கட்டிக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவள் கை மூட்டையிலிருந்து வரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாக்கா? உங்களுக்கு லெஃப்ட் கை வீக்கமா?"

"ஏன்?"

"அளவுல இடது கை கொஞ்சம் பெரிசு. ஒண்ணரை இஞ்ச். அக்குள் பக்கமும் எறக்கி வெட்டியிருக்கு. மொதல்ல தப்பாத் தெச்சுட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா தையல் அவ்ளோ நேர்த்தி. வேணும்னுதான் செஞ்சிருக்காங்க. கஸ்டமர் குடுத்த அளவத் திருத்துறதுக்கு நம்ம யாரு? ஆறுலயும் அப்படியே வெச்சுட்டேன்."

மூட்டையின் மேலிருந்த சாம்பல் ஜாக்கெட்டின் இடது கையை விரித்துப் பார்த்தேன்.

மார்பில் புற்றுக்கட்டியை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் இடது கைதான் வீங்கியது. அக்குளில் கத்தி வைத்த பக்கம். எந்த ஜாக்கெட்டுக்குள்ளும் அந்தக் கை நுழையாமல், கடைசி வருடம் தனியாக அளந்து தைத்துப் போட்டுக்கொண்டாள். அவள் போன பிறகு அவளுடைய துணி ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லி எல்லாவற்றையும் கொடுத்தனுப்ப வைத்தவள் அம்மா. நோயில் உடுத்தியது, உடன்பிறந்தவள் மேலே படவே கூடாது என்றாள். அதே அம்மா இந்த ஒன்றைத் தன் உள்பாவாடைகளுக்கு நடுவே மடித்து என் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறாள்.

"ஆமா, வீக்கம்தான்" என்று தையல்காரம்மாவிடம் சொன்னேன்.

"பர்வாகில்லக்கா, எறங்கிடும். கைய ஒசத்தி வெச்சுத் தூங்குங்க."

மேலே வந்து ஆறையும் கட்டிலில் பரப்பினேன். புதுத் துணி, புது நூல், கஞ்சி வாசனை. இவற்றை யாரும் உடுத்தியதில்லை. அளவு மட்டும் அவளுடையது. துணியைக் கொடுத்தனுப்பலாம், ஆற்றில் விடலாம், எரிக்கலாம். அளவை என்ன செய்வது? அது இப்போது ஆறு மடங்காகி என் கட்டிலில், கைகளை விரித்துக்கொண்டு கிடந்தது. ஆறு இடது கைகளும் கொஞ்சம் பெரிசு.

போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய, தோள் கேட்டது. பழுப்பு நிற ஜாக்கெட், மெத்தென்று தேய்ந்த காட்டன் புடவை. உடம்பு பெருமூச்சு விட்டது. சாப்பிடக் குனிந்தால் குத்தவில்லை, தீ ஏறினால் முந்தானையை நழுவவிட்டால் போதும். இத்தனை வருடம் எதற்கு இந்த வயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றோம் என்று சிரிப்புகூட வந்தது. கண்ணாடியில் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. முந்தானையை வலது கையால் இழுத்து இடுப்பில் செருகினேன். நான் அப்படிச் செருகுகிறவள் இல்லை. அது அவள் செருகுகிற விதம்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்றில் நிழல்கள். ஞாபகம் மின்சாரம் மாதிரி, வரும், போகும். மூத்த மகளின் அடக்கத்துக்கு வந்து முதல் பிடி மண் போட்டவள். ஆறு மாதம் கழித்து, "பெரியவ எப்ப வருவா?" என்று கேட்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு முறை உண்மையைச் சொன்னேன். இரண்டு முறையும் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் அழுதாள். மூன்றாவது முறையிலிருந்து, "வர்றாம்மா" என்றே சொல்லி வந்தேன். காத்திருக்கிறவளுக்குப் பசி இல்லை. தட்டில் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைப்பாள்.

அன்று காலை தட்டை நீட்டியபோது அம்மாவின் விரல்கள் என் இடது கையில் பட்டன. ஜாக்கெட் கையின் விளிம்பைத் தடவின, உள்ளே நுழைந்து எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தன. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா பெரியவளே! வீக்கம் கொறஞ்சிருக்கேடி!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா ஒரு இட்லி சாப்பிட்டிருந்தாள். இரண்டு ஆயிற்று. மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வாரம் இப்படிப் போனது. பெரியவளுக்கு அம்மா எல்லாம் சொன்னாள். இந்த வீட்டில் காபியில் தண்ணி அதிகம். கீழ் வீட்டுக்காரி எந்நேரமும் குக்கர் வைக்கிறாள். கேட்டுக்கொண்டு அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்தேன். தோள் வலிக்கவில்லை. ஒரு காலையில் எண்ணெய்க் கையை அம்மா எட்டிப் பிடித்தாள்.

"ஏண்டி, சின்னவ எங்க?"

கிண்ணம் கையில் நின்றது.

"அவ வீட்டுலதான் இருக்கேன். அவ சட்டி, அவ பானை. அவளத்தான் காணோம். வந்து ஒரு வாரமாச்சு உனக்கு, எட்டிப் பாத்தாளா?"

"வர்றாம்மா" என்றேன். வழக்கமான பதில்; வாய் தானாகச் சொல்லியது. அக்காவைப் பற்றி நான் இத்தனை நாள் சொன்ன அதே குரல், அதே இழுப்பு. அம்மாவின் முகம் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டது. அவளுடைய பார்வையில்லாத கண்ணும் என்னைப் பார்த்தது.

"செத்துட்டாளா?"

"ஐயோ, இல்லம்மா."

"எனக்குத் தெரியாம அடக்கம் பண்ணிட்டீங்களா? இப்படித்தான் வர்றா வர்றாம்பாங்க." அழவில்லை. மடியில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். "சின்னவளுக்கு யாருடி துணி மாத்தி விட்டது? எங்கையால செய்யலியே."

அன்று மதியம் தட்டு அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும். மூன்றாம் நாள் தண்ணீரைக்கூட உதட்டில் தொட்டு வைத்துவிட்டாள். அதே நாற்காலி, அதே ஜன்னல், இப்போது எனக்காகத் துக்கம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து என் சாவுக்கு அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தேன். "நான்தாம்மா சின்னவ" என்று சொல்லிப் பார்த்தேன். ஜாக்கெட் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, எம் மனசு தேறணும்னு பொய் சொல்லுற" என்றாள்.

ஆகவே நான் வந்தாக வேண்டும். அம்மாவின் விரலுக்குத் தெரிகிற மாதிரி, இறுக்கமாக, காலேஜுக்குக் கிளம்புகிறவளாக.

அறைக்குள் போய்ப் புடவையை அவிழ்த்து மூலையில் போட்டேன். ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். கரும்பச்சைக் குர்தா ஒன்றை எடுத்துத் தலைவழியாகப் போட்டேன். தலை போனது. வலது கை போனது. இடது கை பாதி வழியில் பூட்டிக்கொண்டது. தோளுக்குள் யாரோ எதையோ முறுக்கிப் பிழிந்தார்கள். மேலே இழுக்கவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. முகத்தின் மேல் துணி, வாயில் துணி, மூச்சு திரும்பித் திரும்பி என் மேலேயே சூடாக அடித்தது. பட்டப்பகல் பதினொரு மணிக்கு நான் பச்சை இருட்டுக்குள், முனகுகிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியாமல் நின்றேன்.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வரும் கை. அறை வாசலில் காலடி நின்றது.

துணிக்கு வெளியே இருந்து அம்மாவின் விரல்கள் என் முகத்தைத் தேடின. நெற்றி, மூக்கு, துணியோடு சேர்த்து வாய்.

"உள்ள யாருடி?"

அந்த இருட்டில், சொன்னால் நம்புவீர்களா, ஒரு நொடி எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவ என்றால் சுலபம். எல்லாம் தொடரும், ஆறு ஜாக்கெட்டும் கிழியும்வரை. தோள் நோகாது.

"சின்னவம்மா" என்றேன். "மாட்டிக்கிட்டேன். எடுத்துவிடு."

விரல்கள் நின்றன. பிறகு என் விலாவில் இறங்கி, குர்தாவின் ஓரத்தைப் பிடித்து, வலி இல்லாத கையை முதலில் விடுவித்து, பிறகு தலையை, கடைசியாக அந்தக் கையை, மெதுவாக, கோழிக்குஞ்சை வெளியே எடுப்பதுபோல் எடுத்தன. வெளிச்சம். அம்மாவின் முகம் என் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில்.

"எங்கடி போயிருந்த இத்தன நாளா?"

"இங்கதாம்மா இருந்தேன்."

"மூஞ்சியப் பாரு. அழுதியா?" என் கழுத்தைத் தடவினாள். வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "கைய தூக்க முடியலைன்னா எதுக்குடி இந்தச் சனியன் சொக்காய்? ஸ்டைலு இன்னும் போகலியா உனக்கு?"

கட்டிலைத் தடவி ஜாக்கெட்டை எடுத்தாள். நோகிற கைக்குத்தான் முதலில் போட வேண்டும், அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கு ஒரு வருடம் தினமும் போட்டுவிட்ட பழக்கம். இடது கை உள்ளே நழுவியது. பிறகு வலது. முன்பக்கம் இழுத்து, கீழிருந்து கொக்கிகளை மாட்டத் தொடங்கினாள். ஒன்று. கண்ணால் பார்க்காமல், விரலாலேயே. இரண்டு.

"உனக்கும் இதுதான் சரியா இருக்கு. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, போட்டுக்க."

மூன்றாவது கொக்கியில் கை நிற்க, அம்மாவின் முகம் என் தோளைத் தாண்டி, எனக்குப் பின்னால், புடவை கிடந்த மூலைப் பக்கம் திரும்பியது. குரலில் அத்தனை நிம்மதி, அத்தனை செல்லக் கோபம்.

"பாத்தியா, வந்துட்டா. நீயும் நானும் சும்மா பயந்தோம்."

என் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது.

"அசையாத நில்லுடி" என்றாள் அம்மா. இன்னும் இரண்டு கொக்கி பாக்கி இருந்தது. நான் நின்றேன்.