சிவப்புத் துணி கட்டிய செருப்பு

பக்தி எவ்வளவு குப்பை போடும் என்பது பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கிரிவலப் பாதையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் பாட்டில், அன்னதானத் தட்டு, டீ கப், பாதி தின்ற சோளம், கற்பூர டப்பா. எல்லாவற்றையும்விட ஜாஸ்தி செருப்பு. மலையை வெறுங்காலில் சுற்ற வேண்டும் என்பதால் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த இடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு நடப்பார்கள். பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வரும்போது எங்கே விட்டோம் என்பது பாதிப் பேருக்கு நினைவிருக்காது. மீதிப் பேருக்குக் குனிந்து தேடத் தெம்பிருக்காது. அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள்.

அதையெல்லாம் பொறுக்கிப் பிரிக்க நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். யாரும் சொல்லி வந்தவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாளாகக் கோணியும் கையுமாக ஆரம்பித்தார், மற்றவர்கள் ஒட்டிக்கொண்டோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்து பஸ்களில் வருகிற கூட்டம் பாதையில் வந்து சேரும் திருப்பம் எங்கள் பகுதி. அங்கே தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தோம்.

நான் கரண்ட் ஆபீசில் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவன். பகலில் விளக்கு எரிந்தால் எனக்கு வயிறு எரியும். பௌர்ணமிக்காகப் பாதை நெடுகக் கம்பங்களில் கலர் டியூப்லைட் கட்டுவார்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகும் அது எரிந்துகொண்டே கிடக்கும், அணைக்க ஆள் வராது. நான் ஆபீஸ் ஆபீசாக நடந்து, கெஞ்சி, கத்தி, எங்கள் திருப்பத்து விளக்குகளை வெளிச்சம் வந்ததும் நானே அணைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். அந்த ஸ்விட்ச் பெட்டியின் சாவி என் இடுப்பில் தொங்கும். வீட்டில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கோயில் சாவியே குடுத்துட்ட மாதிரி நடக்குறாரு பாரு" என்பாள். உண்மையும் அதுதான். எனக்கு அப்படியொரு கர்வம் இருந்தது.

டீச்சர் எங்களுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். விடிந்த பிறகு பக்கத்தில் ஆளில்லாமல் தரையில் கிடப்பது எல்லாம் குப்பை. எதையும் கலந்தபடி மூட்டையில் போடக் கூடாது. துணி துணியோடு, ரப்பர் ரப்பரோடு. செருப்பு ஜோடியாகக் கிடைத்தால் கழுவிக் காயவைத்து, செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். ஜோடி கிடைப்பதுதான் கஷ்டம். ஒற்றைக்கு ஒற்றை தேடியே எங்கள் முதுகு ஒடியும்.

அன்று சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள். கூட்டம் வற்றாமல் வந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் வந்ததும் பெட்டியைத் திறந்து விளக்குகளை அணைத்துவிட்டு, கோணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஒரு கம்பத்தடியில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, பெண் செருப்பு ஒரு ஜோடி, நான்கையும் சேர்த்து சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தேட வேண்டாத ஜோடி, அதுவும் இரண்டு! "யாரோ நம்ம கஷ்டம் தெரிஞ்ச மவராசன்" என்று டீச்சரிடம் சத்தம் போட்டுச் சொன்னேன். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். செருப்பு ஒரு மூட்டைக்குப் போனது, துணி இன்னொரு மூட்டைக்கு.

கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் திரும்பி வருவார்கள் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் நான் செருப்பைத்தான் பார்த்தேன், அதைக் கட்டின கையை நினைக்கவே இல்லை.

எட்டு மணி இருக்கும், ஒரு பெரியவர் கொட்டகைக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கால் முழுக்கப் புழுதி. "சார், அந்தக் கம்பத்துல செவப்புத் துணி கட்டி செருப்பு வெச்சிருந்தேன். எடுத்தீங்களா?" என்றார். இருநூறு செருப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஊரெல்லாம் செருப்பை உட்டுட்டுப் போவீங்க, அப்புறம் வந்து எங்களைக் கேப்பீங்களா? அதைவிட நல்லதா ஒரு ஜோடி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"செருப்பு போனா போவுது சார். என் வீட்டுக்காரி அதைப் பாத்துதான் நிப்பா. அவளுக்கு ஞாபகம் ஒண்ணும் தங்குறதில்ல. பேரே சில நாள் மறந்துடுது. கும்பல்ல பிரிஞ்சிட்டா பச்சை லைட்டு எரியற கம்பத்துக்கு வா, செவப்புத் துணி கட்டி இருக்கும், அங்கயே நில்லுனு சொல்லிச் சொல்லிப் பழக்கி வெச்சிருக்கேன். அது ஒண்ணு மட்டும் அவளுக்கு மறக்கறதில்ல. கடைசி வளைவுல கூட்டத்துல கையை உட்டுட்டேன் சார். அங்கயே தேடிட்டு இப்பதான் வரேன். இங்க நிப்பான்னு நெனைச்சேன்."

அணைந்த டியூப்லைட்டை நான் நிமிர்ந்து பார்த்தேன். பகலில் அது பச்சையா வெள்ளையா என்றுகூடத் தெரியவில்லை. டீச்சர் போனை எடுத்துப் போலீஸுக்குச் சொன்னார். நான் பெரியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். கூட்டத்தில் பின்தங்கிய அம்மா பின்னால்தான் இருப்பார் என்று முடிவு கட்டி, வந்த வழியாகவே வண்டியைத் திருப்பினேன். கோயில் வாசல், பஸ் நிற்கும் இடம், சாமியார்கள் உட்காரும் வரிசை, டீக்கடை ஒன்று விடாமல் கேட்டோம். மைக்கில் சொல்லச் சொன்னோம். வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டில் கால் வைக்க முடியாமல் ஜனங்கள் ஓரத்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரியவரும் வெறுங்கால்தான், ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம் என்றார். மணி பன்னிரண்டைத் தாண்டியபோது ஒரு கடைக்காரர், அரக்குப் புடவை என்றால் நூறு பேர் போகிறார்கள், வேறு அடையாளம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்.

"இடது கால் கட்டைவிரல்ல மஞ்சள் வெச்சுத் துணி சுத்தியிருக்கும். முந்தாநாள் அறுவா மேல மிதிச்சிட்டா" என்றார் பெரியவர்.

அந்தக் கால் எனக்குத் தெரியும்.

காலையில் முடிச்சை அவிழ்த்துவிட்டு அதே கம்பத்தடியில் குனிந்து நின்றபோது, என் முன்னால் வந்து நின்றது அந்தக் கால். "சார், நாங்க செருப்பு உட்ட கம்பம் இதாங்க?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஒரு காலைக்கு இருபது பேர் இப்படிக் கேட்பார்கள். அத்தனை பேருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன். "இங்க ஒண்ணும் இல்லம்மா, முன்னாடி போய்ப் பாருங்க." கால் ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்து போய்விட்டது.

சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவரை நான்தான் அனுப்பியிருக்கிறேன். முன்னால் போகச் சொன்னால் வட்டப் பாதையில் எங்கே போவார்? மறுபடி மலையைத்தான் சுற்றுவார். ஒவ்வொரு கம்பமாகச் சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டே சுற்றுவார். நான்கு மணி நேரமாக நாங்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேடியிருக்கிறோம்.

பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. "எதுக்கும் அந்தப் பக்கமும் பாத்துடலாம்" என்று மட்டும் சொல்லி வண்டியைத் திருப்பினேன். அடி அண்ணாமலை தாண்டியதும் ஒரு இளநீர்க் கடைக்காரர் சொன்னார். அரக்குப் புடவை கட்டின அம்மா ஒருவர் கம்பம் கம்பமாகத் தொட்டுக்கொண்டே வந்து ரோட்டில் விழுந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வந்து அரைமணி நேரம் முன்னால்தான் ஏற்றிக்கொண்டு போனதாம்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வரவேயில்லை. வெயில் தாக்கி உடம்பு கொதித்துக் கிடந்தது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் பாதைக்குப் போகவில்லை. பெட்டிச் சாவியை டீச்சர் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். டீச்சர் தேடி வந்து, "வேணும்னா செஞ்சீங்க? சட்டம் போட்டது நான், என்னைச் சொல்லுங்க" என்று அழுதார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராத்திரி பகல் என்று இல்லாமல் ஒரே கேள்விதான் என்னை அரித்தது. அந்த மனுஷன் தான் கையை விட்டதால்தான் அவள் போனாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் உட்கார்ந்திருக்கலாமா?

காரியம் முடிந்த மறுநாள் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய், ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன விலாசத்தை விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். களத்தில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. முடிச்சை அவிழ்த்தது, விளக்கை அணைத்தது, அவர் வீட்டுக்காரி என்னிடம் வந்து கேட்டது, நான் முன்னால் போகச் சொன்னது, எனக்கு அது ஞாபகம் வந்தும் வண்டியில் வாயை மூடிக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் குனிந்து ஓரத்தில் சிதறியிருந்த மல்லாட்டையைக் களத்துக்குள் தள்ளினார். பிறகு என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவ உங்ககிட்ட பேசியிருக்கா" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு ஆவல் வந்துவிட்டது. "கும்பல்ல உட்டதுக்கு அப்புறம் நான் பாத்ததெல்லாம் ஆஸ்பத்திரி மூஞ்சிதான் சார். அது அவ மூஞ்சியே இல்ல. நல்லா இருக்கும்போது கடைசியா அவளைப் பாத்தது நீங்கதான். எப்படி இருந்தா சார்? பயந்து போயிருந்தாளா? இல்ல, சும்மா எப்பவும் போல சிரிச்சமாதிரி இருந்தாளா?"

சிரித்தபடி இருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மாவுக்குச் சொன்ன மாதிரி இவருக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு இருந்தேங்க" என்றேன். "மூஞ்சிய நான் பாக்கலை."

அவர் என் கையை விட்டார்.