ஜன்னலைக் காட்டிய இடது கை

அந்த ஏர்கூலர் ஆட்டோவின் பின் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது. என் கணவர் இடமில்லாமல் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். நானும் அவருமாக அதை மாடிப்படியில் தூக்கி ஏற்றி, என் மாமியாரின் கட்டிலுக்கு எதிரே வைத்து, தொட்டியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். சுவிட்சைப் போட்டதும் நனைந்த மரச்சீவல் வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கு ஒரே பெருமை.

மைசூர்க்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு, எனக்கும் உண்டு. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் "எங்க ஊர்ல ஃபேனே வேண்டாம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர்கள் நாங்கள். ஊர் சூடாகிப் பல வருடங்கள் ஆகியும் எங்கள் வாய் மட்டும் மாறவில்லை. அக்ரஹாரத்தில் எங்களுடையது மாடி வீடு. தலைக்கு மேலே வெறும் கான்கிரீட் தளம். ஏப்ரல் மதியத்தில் அறை அடுப்பங்கரையாகக் கொதிக்கும். அதை எப்படியோ சமாளித்து வந்தோம். அந்த வருடம் அத்தைக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், ஒரு வாய்த் தண்ணீருக்கும் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை. அறையைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள், இந்த வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கூலர் வைத்துப் பழக்கமே இல்லாத குடும்பம். எங்களுக்குத் தெரிந்த குளிர் எல்லாம் பேங்கில் இருக்கும் ஏசிதான். அங்கே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றால் வாட்ச்மேன் முறைப்பார். அதே சட்டத்தை வீட்டிலும் போட்டோம். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் செய்தித்தாளை மடித்துச் செருகி, கதவுக்கடியில் ஒரு துண்டையும் சுருட்டி வைத்தோம். "சும்னே சும்னே கதவத் திறக்காத. உள்ள இருக்கிற குளிரெல்லாம் போயிடும்" என்று கணவர் கன்னடம் கலந்து என்னை அதட்டினார். நானும் பூனை மாதிரி இடுக்கு வழியாக நுழைந்து வெளியே வந்தேன்.

மறுநாளே அறை புழுங்கத் தொடங்கியது. காலண்டர் தாள் ஈரத்தில் நெளிந்தது, படுக்கை விரிப்பு பிசுபிசுத்தது. அத்தை வேர்வையில் குளித்து மேல்மூச்சு வாங்கினார். குளிர் போதவில்லை என்று தொட்டியில் இன்னும் தண்ணீர் ஊற்றினோம். அவர் இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். "வெளிச்சம் கண்ணு கூசுது போல" என்று கணவர் திரையையும் இழுத்துவிட்டார். மறுபடியும் காட்டினார். நான் போய், தளர்ந்திருந்த தாளை இறுக்கிச் செருகிவிட்டு வந்தேன். கடைசியில் பக்கத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. "இவ்வளவு செஞ்சும் இப்படிப் பண்றீங்களே அத்தை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மூன்றாம் நாள் மாலை பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் திருத்திவிட்டு வந்தேன். அறைக்குள் நுழைந்தால் இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி. அத்தையின் உதடு காய்ந்து, கண் செருகிக் கிடந்தது. டாக்டருக்கு ஃபோன் செய்தேன். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள், இதோ வருகிறேன் என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெரு முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கத்தான் ஜன்னலைத் திறந்தேன். செருகிய தாளெல்லாம் கீழே விழ, வறண்ட சாயங்காலக் காற்று உள்ளே வந்தது. நான் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க அத்தையின் மூச்சு மெல்ல அடங்கியது. கரண்ட் வந்து கூலர் ஓடியதும், பழக்க தோஷத்தில் ஜன்னலைச் சாத்த எழுந்தேன். அத்தையின் இடது கை என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டது. திறந்தபடியே விட்டேன். கூலரின் காற்று முதல்முறையாக அறையைக் கடந்து ஜன்னல் வழியாக வெளியே போனது. அது தரும் ஈரம் வெளியேற ஒரு வழி வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தைக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது. பேச்சோடு சேர்ந்து புத்தியும் போய்விட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

அதற்குப் பிறகு நான்கு கோடைகள் அத்தை எங்களோடு இருந்தார். இப்போதும் கோடையில் காலை ஒன்பது மணிக்குள் கிழக்கு ஜன்னல்களைச் சாத்தித் திரை இழுத்துவிடுகிறேன். வெயில் தாழ்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கிறேன். மொட்டைமாடிக்கு மார்ச் மாதமே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாகிவிடும். கணவர் ஒவ்வொரு வருடமும் ஏசி பேச்சை எடுப்பார், மழை வந்ததும் மறந்துவிடுவார்.

ஜன்னலைத் திறந்த அன்று மாலை, டாக்டர் வருவதற்கு முன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். "தப்புப் பண்ணிட்டேன் அத்தை" என்றேன். எனக்கு மூச்சு இரைத்தது. அந்த இடது கை முந்தானையை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. ஆறுதலுக்குப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். மூன்று விரல்கள் நகர்ந்து நகர்ந்து நாடியைத் தேடி அழுத்தின. அத்தை சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண்ணி முடிக்கும்வரை நான் கையை அசைக்கவில்லை.