முள் யார் பக்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் கூட்டுறவுச் சங்கம் கட்டிக்கொடுத்த காலனியில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. வீடுகளுக்கு இடையே சுவர் கிடையாது. கொல்லையில் என் மனைவி போட்டிருந்த அவரைப் பந்தலைப் பக்கத்து வீட்டு அக்காவின் வெள்ளாடு தினமும் பார்வையிட வரும். பார்வையிட்ட இடத்தில் இலை மிஞ்சாது.

விரட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் கைக்குழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆட்டின் பாலில்தான் அது தேறியது. அக்கா காலைதோறும் கறந்த கையோடு டம்ளரில் கொண்டுவந்து கொடுப்பார்.

"வேலி போடுங்க, வேணாங்கலை. அக்கா மொகம் மட்டும் கோணக்கூடாது. கோணுச்சுன்னா நாளைலேருந்து பாலுக்கு நீங்கதான் ஆடா நிக்கணும்" என்றாள் மனைவி.

ஆகவே முறைப்படி குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அனுமதி கேட்டேன். உடைமரத்து முள்ளால் வேலி போட ஒருவரும் மறுக்கவில்லை. அக்கா ஒன்றுதான் கேட்டார்: "முள்ளு நுனியை எங்க வீட்டப் பாத்து நீட்டிருவீங்களா தம்பி? காலைல எந்திரிச்சு அதுலயா முழிக்கிறது?"

நுனியை வெளிப்பக்கம் நீட்டிக் கட்டுவதுதான் ஊர் வழக்கம். வயலில் அது சரி. காலனியில் பக்கத்து வீட்டைப் பார்த்து விரல் நீட்டியதுபோல் ஆகிவிடும். சங்கத் தலைவர், கடலோரக் கட்டுமாவடிக்காரர், யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: வேலி போடுகிறவர் நுனியைத் தன் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும்.

நூல் பிடித்துக் கட்டினேன். அடித்தூர் அவர் பக்கம், நுனி என் பக்கம். அந்தப் பக்கம் துருத்திய ஒன்றிரண்டு முள்ளையும் நறுக்கிவிட்டேன்.

"தலை சீவிவிட்ட மாதிரி இருக்கு தம்பி" என்றார் அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை டம்ளர் வரவில்லை. குழந்தை அழத் தொடங்கியது. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்போது கொல்லையில் ஆடு கத்தியது.

கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறது. முள் சாய்ந்திருந்த போக்கிலேயே தலையைக் கொடுத்துச் சுலபமாக உள்ளே நுழைந்துவிட்டது. திரும்பிப் போகப் பார்த்தால் நுனியெல்லாம் அதன் முகத்துக்கு நேரே. வேறு வழியில்லாமல் அவரைப் பந்தலை முழுதாக முடித்துவிட்டு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா, காலி டம்ளரோடு.

"ஏந்தம்பி, ஆடு வேணும்னா கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே. வேலி கட்டியா புடிக்கணும்?"

சத்தம் கேட்டுத் தலைவரும் வந்தார். குனிந்து பார்த்தார். "இது வேலி இல்லைங்க. எங்க ஊர்ல மீனுக்குப் போடுற கூடு. உள்ள வரலாம், வெளிய போக முடியாது."

"தீர்ப்பு ஒங்களோடதுங்க" என்றேன்.

"நான் சொன்னது மனுசங்களுக்குங்க."

அக்காவின் முகத்தைப் பயந்துகொண்டே பார்த்தேன். கோணியிருந்தது; சிரிப்பை அடக்கியதில்.

"அக்கா, இங்கிட்டு வந்தே கறந்துருங்க, புள்ளை அழுவுது" என்றாள் மனைவி.

அக்கா தெருப் பக்கமாகச் சுற்றி வந்து, பந்தலடியில் குந்திக் கறந்தார். "இன்னைக்குப் பாலு கூடுதலா வரும்போலயே!"

"வராம என்ன? ஒரு பந்தல் அவரை உள்ள போயிருக்கே" என்றாள் மனைவி.

எழுந்தபோது அக்காவே சொன்னார்: "முள்ளை எங்க பக்கமே திருப்பிருங்க தம்பி. அதுல முழிச்சாலும் முழிச்சுட்டுப் போறேன், தெனம் இவளைத் தேடி அலைய முடியாது."

அன்றே பிரித்துத் திருப்பிக் கட்டினேன். நடுவில், கைக்கு எட்டும் உயரத்தில், டம்ளரையே வைத்து அளந்து ஒரு சந்து விட்டேன்.

மறுநாள் அந்தச் சந்து வழியாக டம்ளர் வந்தது. அதன் பின்னாலேயே, அளவு சரிதானா என்று பார்க்க வந்ததுபோல், ஆட்டின் மூக்கும் வந்தது.