பிள்ளையைத் தூக்காத கிருபாகரன்

திருப்போரூரில் மனை விற்கும் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டும் கிருபாகரன், பெற்ற மகளைத் தூக்கமாட்டான். தெருவே அவனைப் பேசித் தீர்த்துவிட்டது. பெண்ணாய்ப் பிறந்ததில் மனத்தாங்கல் என்றார்கள் சிலர். வாய்க்கு வந்ததைப் பேச நம் ஜனங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? விஷயம் வேறு. அவன் பயந்துபோயிருந்தான்.

கிருபாகரனுக்கு இளைப்பு உண்டு. சட்டைப் பையில் செல்போனோடு இன்ஹேலரும் இருக்கும். மழைக்காலத்தில் அவன் மூச்சு வாங்குவது பக்கத்து அறைக்குக் கேட்கும். அவனுடைய அப்பா தாவீதுக்கும் அதே நோய்தான். சின்ன வயதில் அப்பாவின் பாயில், அவர் கைமேல் தலைவைத்துத் தூங்குவான். ஐந்து வயதில் அவன் நெஞ்சிலும் விசில் சத்தம் வந்தது. அப்பாவின் மூச்சு பட்டு ஒட்டிக்கொண்டது என்று அம்மா மேரி சொன்னதை அப்படியே நம்பினான். கடைசியில் அப்பா, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவில், அவன் மடியிலேயே மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனார். அந்தக் கண்களை அவனால் மறக்க முடியவில்லை.

ஆகவே மகள் ரூத் பிறந்த நாளிலிருந்து அவன் வாசல் பக்கம் படுத்தான். தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தை தவழ்ந்து காலைப் பிடிக்க வந்தால் எழுந்து போய்விடுவான்.

"ஒரு தபா தூக்கேன்யா. அது உன்னியே பாத்துகினு கீது," என்பாள் மனைவி ஹெலன்.

"வேணாம். எங்கப்பன் எனக்குக் குட்த்தத நான் அதுக்குக் குடுக்கமாட்டேன்."

ஆனால் கை சும்மா இருக்குமா? பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும் நாளெல்லாம் சாம்பிராணி அவன் வேலை. கொட்டாங்குச்சியைக் கங்காக்கித் தூபக்காலில் அள்ளி, வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கொண்டுபோய் வைப்பான். ஹெலன் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, பிள்ளையின் ஈரத்தலையைக் காட்டுவாள். புகை மண்டினால்தான் சளி கட்டாது என்று இன்னொரு பிடி போடுவான். தொடாமலே மகளுக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் அது. அதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

ரூத்துக்கு ஒரு வயது நிரம்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அதே குளியல், அதே புகை. குழந்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவேயில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. பிறகு அந்த விசில் வந்தது. கிருபாகரனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

"இன்னாய்யா மரம் மாரி நிக்கிற? வண்டிய எடு," என்றாள் ஹெலன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரிப்ரியா குழந்தையின் முகத்தில், மெஷினிலிருந்து மருந்துப் புகை வரும் மாஸ்க்கை வைத்துவிட்டுக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது வீசிங் இருக்கா?"

"எனக்குக் கீது," என்றான் கிருபாகரன், கதவுக்கு வெளியே நின்றபடி.

"அங்க ஏன் நிக்கிறீங்க?"

"ஒட்டிக்கும்ல மேடம். பொறந்ததுலேந்து நான் தொட்டதே இல்ல. அப்பறம் எப்டி வந்துச்சு?"

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "இது ஒட்டிக்கிற வியாதி இல்லீங்க. அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஆஸ்துமாதானான்னு இந்த வயசுல உறுதியா சொல்ல முடியாது. ஆனா இவளுக்குப் புகை ஆகவே ஆகாது. வீட்ல யாராவது பீடி, சிகரெட்?"

"இல்ல மேடம்," என்று ஆரம்பித்த ஹெலன் நிறுத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சாம்பிராணி," என்றான் அவன். "நான்தான் போடுவேன். நெறைய போடுவேன்."

தள்ளி நின்றதெல்லாம் வீண். கிட்டே கொண்டுபோய் வைத்த ஒன்றே வினையாகிவிட்டது.

"இனிமே வேண்டாம். உள்ள வந்து பிள்ளைய மடியில வச்சுக்குங்க. அவங்க மருந்து வாங்கிட்டு வரட்டும்."

ரூத்துக்கு அந்த மடி புதிது. முறுக்கிக்கொண்டு, ஹெலன் போன பக்கம் கையை நீட்டி அழுதாள். கண்கள் மாஸ்க்குக்கு மேலே அகன்று அவனைப் பார்த்தன. அவை அன்று ஆட்டோவில் அவன் பார்த்த அப்பாவின் கண்கள். அவளை நெஞ்சோடு அணைத்தான். அழுகை மெல்ல அடங்கியது. மருந்து தீர்ந்து மெஷினும் நின்றபோது, மெல்லிசாக விசில் கேட்டது. அவளுடையதா, தன்னுடையதா என்று புரியவில்லை. மகளின் மூச்சை மட்டும் கேட்பதற்காக, கிருபாகரன் தன் மூச்சை அடக்கிக்கொண்டான்.