விக்டோரியா பாஸில் லோ கியர்

"பிள்ளை, கொஞ்சம் வேகமா அமத்துங்கோவன்! தாலி கட்டுற நேரம் போகுது!"

மாப்பிள்ளையின் அப்பா என் இருக்கைக்குப் பின்னால் நின்று கத்தினார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், முகத்தில் கடுகடுப்பு. நான் ஓட்டியது சிட்னியின் பிளாக்டவுனில் இருந்து புறப்பட்ட கல்யாண பஸ். மாப்பிள்ளை, கூறைச் சேலை, தாலி எல்லாம் அதற்குள்தான். பெண் வீட்டார் புளூ மவுண்டன்ஸ் மலைகளுக்கு அந்தப் பக்கம், ஹார்ட்லி பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையில் மணவறை போட்டுக் காத்திருந்தார்கள். பிந்தியது என்னாலா? சனிக்கிழமை ராகுகாலம் முடியாமல் படி தாண்ட மாட்டோம் என்று இருந்தது இவர்கள்தானே! போன் காட்டிய பயண நேரத்தை நம்பியிருந்தார்கள். அது காருக்கான கணக்கு, ஆள் நிறைந்த பஸ்ஸுக்கு அல்ல.

மவுண்ட் விக்டோரியா தாண்டியதும் பாதை சடாரென்று பள்ளத்தாக்குக்குள் இறங்கும். அதுதான் விக்டோரியா பாஸ் கணவாய். நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் கீரிமலை என்று பெயர் உண்டு, மலை கிடையாது. ஆகவே டிப்போவில் முதல் வாரம் சொல்லித் தந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள் நான். இறங்கத் தொடங்கும் முன்பே லோ கியர், எஞ்சினே பஸ்ஸைப் பிடித்து இறக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடேறும், பிறகு பிடிக்காது. அன்றும் அப்படியே இறங்கினேன். பஸ் உறுமிக்கொண்டு ஊர்ந்தது.

"அங்கிள், முதல்ல சீட்டில இருங்கோ. இந்தப் பள்ளத்தாக்குக்கு முதல் ரோட்டு பக்கத்து மலையால, மவுண்ட் யோர்க்கால இறங்கினது. வண்டிக்காரர் மரத்தை வெட்டி, வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துக்கொண்டுதான் இறங்கினவை. அதுதான் பிரேக்! பிறகு லேசான வழி தேடித் தேடித்தான், கைதியளைக் கொண்டு இந்த ரோட்டைப் போட்டது."

"இப்ப சரித்திரமே முக்கியம்? ஐயரை ஏத்தின என்ர மச்சான்ர வான் எப்பவோ எங்களை முந்திப் போயிட்டுது!"

எனக்கும் சுள்ளென்று வந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, தாலிப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, "நீங்க ஆறுதலாப் போங்கோ, பிள்ளை" என்றார். அந்த மனுசியை அப்போதே எனக்குப் பிடித்துப் போயிற்று.

அடிவாரத்தில் அந்த மச்சானின் வான் ஓரமாக நின்றது. டயர்ச் சில்லுகளில் இருந்து புகை. எங்களைக் கண்டதும் ஐயர் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வந்தனான், அத்தான். பிடிக்கேல்லை. சமதரை வந்தபடியாத்தான் நிண்டது" என்றார் மச்சான்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை, கடவுளே! ஐயரையும் ஓமச் சாமான்களையும் பஸ்ஸில் ஏற்றினோம். மாப்பிள்ளையின் அப்பா ஐயருக்குத் தன் இருக்கையைக் கொடுத்தார். முகூர்த்தம் முடிகிற தறுவாயில் தாலி ஏறியது. நானும் பின்வரிசையில் நின்று அறுகரிசி அட்சதை தூவினேன். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இளம் டிரைவர்மாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பின்னால் யார் கத்தினாலும் கியர் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பின்னேரம் எல்லோரும் சிட்னிக்குத் திரும்பும்போது மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொரு காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"லோ கியர் போடுங்கோ! அவசரப்படாதேங்கோ, என்ன?"

திரும்பும் வழியில் விக்டோரியா பாஸ் இறக்கம் அல்ல, ஏற்றம். நான் சிரித்துக்கொண்டே பஸ்ஸை ஸ்டார்ட் செய்தேன்.