சூறாவளியின் நான்காவது அட்டை

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு ஆமையக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடம், இன்னும் சகர வரிசையைத் தாண்டவில்லை. கேட்டால், சொல்லுக்கு என்ன அவசரம், அது எங்கேயும் ஓடிப்போகாது என்பாள்.

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. அதில் அந்தச் சொல் வரும் இரண்டு வாக்கியங்களாவது ஒட்டவேண்டும்; அச்சில் வந்ததோ, பிறர் கைப்பட எழுதியதோ. சொந்தமாகப் புனைந்தால் வேலை போய்விடும். சூறாவளிக்குச் சுழன்றடிக்கும் காற்று, ஓயாத தேர்தல் பயணம், ஒரு பந்தாட்டக் குழு என்று மூன்று அட்டைகள் மளமளவென்று நிரம்பிவிட்டன. நான்காவது, அந்தப் பெயரில் பறந்த பழைய போர் விமானம். ‘சூறாவளியின் சக்கரத்துக்குக் காற்று அடித்தோம்’ என்ற அதன் ஒரே சான்றை எந்தப் புண்ணியவானோ வானிலை அட்டைக் கட்டுக்குள் செருகியிருந்தான். தேடி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. இன்னொன்று கிடைக்காவிட்டால் அந்தப் பொருளையே நீக்கிவிடலாம் என்றார் பதிப்பாசிரியர்.

இன்னொன்று அவளிடம் இருந்தது. விமான மெக்கானிக்காக இருந்த அண்ணன் எழுதிய கடிதம். ‘சோதனை ஓட்டத்தில் சூறாவளியில் ஏறிப் பார்க்க ஆசை. போகட்டுமா? அம்மாவிடம் சொல்லாதே.’ போ என்று பதில் போட்டவள் அவள்தான். விமானம் திரும்பவில்லை. மேலதிகாரிதான் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஏற்றிவிட்டார் என்று அம்மா முப்பது வருடமாக அந்த மனிதரைக் கரித்துக்கொட்டுவாள். இவளும் ஆமாம் போடுவாள். மனம் உறுத்தாத நாளில்லை.

அட்டையில் ஒட்டிய வரி அகராதியிலும் அச்சாகும்; அம்மா கண்ணில் படாமல் போகாது. ஒவ்வொரு தொகுதியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படிப்பவள். கொடுக்காவிட்டால், அண்ணன் உயிரை விட்ட விமானத்துக்கு அகராதியில் இடமில்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கடிதத்தை நீட்டினாள்.

“இதை அகராதி அட்டையில ஒட்டணும். போன்னு சொன்னது நான்தாம்மா.”

அம்மா படித்தாள். அழவில்லை. கடிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, எடுத்துப்போய் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். பிறகு, தலையணை உறை ஒன்றை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தபடி சொன்னாள்:

“எனக்கும் எழுதியிருந்தான், உன்கிட்ட சொல்லாதேன்னு. ஆசையா இருந்தா போயிட்டு வாடான்னுதான் நானும் எழுதினேன். உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான் அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.”

உறையை மடித்த துணிகளின் மேல் வைத்தாள்.

“அவர் இன்னும் உயிரோட இருக்காரா?” என்று அம்மா கேட்டாள்.

அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவள் விசாரித்ததில்லை.